மாடு ஏறும் சாய்தளம்

பள்ளிக்கூடங்களை வரைந்தே கோட்டக்காவுக்கு இருபத்தாறு வருஷம் ஓடியிருந்தது. மாவட்டக் கட்டட அலுவலகத்தில் அவள் வரைவாளர். கோடு போடுகிறவள் என்பதால் கோட்டக்கா. அப்படி முதலில் கூப்பிட்டது யார் என்று யாருக்கும் நினைவில்லை. அவளைவிடப் பத்து வயது மூத்த வாட்ச்மேன்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

வேலைக்குச் சேர்ந்தபோது இருபது வயது. அப்போது எல்லாம் கைவேலை. மெல்லிய தாளில் மைப் பேனாவால் கோடு இழுக்க வேண்டும். பிசகிப் போனால் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாகச் சுரண்டினால் தாள் கிழிந்துவிடும், பெரிய இன்ஜினியரின் வாயில் விழ வேண்டும். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கூட இருந்த மூன்று பேர், இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனார்கள். கோட்டக்கா ஒரு மாதம் மூக்கால் அழுதுகொண்டே கற்றுக்கொண்டாள். அடுத்த மாதம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

கடலோரக் கிராமங்களுக்கென்று ஒரு மாதிரி வரைபடம் மேலிடத்திலிருந்து வந்திருந்தது. தரைத்தளத்தில் சுவர் கிடையாது, தூண்கள் மட்டும்தான். வெள்ளம் வந்தால் அடியில் புகுந்து ஓடிவிடும். வகுப்பறைகள் பத்தடி உயரத்தில், மாடியில். புயல் சமயத்தில் ஊர்க்காரர்கள் வந்து தங்கிக்கொள்ளலாம். ஜன்னல்களுக்கு மேலே கட்டடத்தைச் சுற்றி ஒரே வளையமாகக் கான்கிரீட் பட்டை ஓடும், காற்றும் நிலநடுக்கமும் சுவர்களைப் பிரித்துப்போடாமல் இருக்க. ஊர்ப் பெயரை மாற்றி, மண்ணுக்கு ஏற்றபடி அஸ்திவாரத்தை மாற்றினால் வரைபடம் தயார். அப்படி முப்பத்தோரு பள்ளிக்கூடங்களை அவள் வரைந்திருந்தாள். அதில் ஒன்றின் படியிலாவது கால் வைத்திருக்கிறாளா என்றால், இல்லை. வரைவாளருக்கு வெளிவேலை கிடையாது. இன்ஜினியர்கள் போய் வருவார்கள், அவள் நாற்காலியில் இருப்பாள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயதானபோது ஒரு பெரிய புயல் அடித்தது. அலுவலகத்து இன்ஜினியர்கள் எல்லாரும் பாலங்களைப் பார்க்கவும் ஆஸ்பத்திரிகளைப் பார்க்கவும் ஓட, பள்ளிக்கூடங்களைப் பார்க்க ஒரே ஒரு ஜூனியர் இன்ஜினியர்தான் மிஞ்சினார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்கவும் ஆள் இல்லை. பெரிய இன்ஜினியர் கோட்டக்காவைக் கூப்பிட்டு, அவள் வரைந்ததுதானே, அவளே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்றார்.

நான்கு நாளில் ஆறு பள்ளிக்கூடங்கள். ஐந்தாவது ஊருக்குப் போனபோது வழியெல்லாம் மரங்கள் சாய்ந்து கிடந்தன. வீடுகளில் பாதிக்குக் கூரை இல்லை. ஊர்க்கோடியில் பள்ளிக்கூடம் மட்டும் நேற்றுத் திறப்பு விழா நடந்தது போல நின்றது. தூண்களில் தண்ணீர் ஏறிய தடம் ஐந்தரை அடியில் சேற்றுக் கோடாகத் தெரிந்தது. மற்றபடி ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. ஜூனியர் இன்ஜினியருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கோட்டக்காவுக்கும்தான். தன் கையால் போட்ட கோடுகளை முதல் தடவையாகச் சுவராகவும் படியாகவும் தொட்டுப் பார்த்துக்கொண்டே மேலே ஏறினாள்.

மேலே தலைமை ஆசிரியை மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எத்தனை பேர் வந்து தங்கினார்கள் என்று கேட்டாள் கோட்டக்கா.

"முந்நூறு பேர் தங்கலாம்னு வெளியில போர்டு இருக்கு. வந்தது பதினோரு பேர்," என்றார் ஆசிரியை. "அதுல நானும் ஒருத்தி."

கதவைத் திறக்க ஆள் இல்லையா என்றால், முதல் நாளே திறந்து வைத்திருக்கிறார். தெருத்தெருவாகப் போய்ச் சொல்லியும் இருக்கிறார். பிறகு ஏன் வரவில்லை? ஜனங்களுக்கு இன்னும் விவரம் பத்தவில்லை என்றார் ஜூனியர் இன்ஜினியர். ஆசிரியை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கீழே அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டினார். அந்த ஊருக்குப் பால் ஊற்றுகிறவள் அவள், அவளையே கேளுங்கள் என்றார்.

கோட்டக்கா கொஞ்சம் யோசித்தாள். மொட்டை மாடியில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரும்படி ஜூனியர் இன்ஜினியரை மேலே அனுப்பிவிட்டு, தனியாகக் கீழே இறங்கினாள்.

பால்காரம்மா முதலில் பிடி கொடுக்கவில்லை. குடம் நிரம்புகிற வரை பம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடம் நிரம்பிய பிறகு சொன்னாள்.

"எங்கிட்ட மூணு மாடு இருந்துச்சும்மா. படியில மாடு ஏறாது. அதுங்களை அவுத்து விட்டுட்டு நாங்க மட்டும் மேல போய் உக்காந்துக்கிட்டா, புயல் போனப்புறம் எதை வச்சுப் பொழைக்கிறது? மாடு வச்சிருக்கறவங்க எல்லாரும் ரோட்டு மேட்டுக்கு ஓட்டிட்டுப் போனோம். மேடுதானே, தண்ணி வராதுன்னு."

தண்ணீர் வந்திருக்கிறது. அவளுடைய கொழுந்தன் இரண்டு மாடுகளைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

"கயித்தைக் கையில சுத்தியிருந்தாரு. இழுத்துச்சுன்னா நழுவக் கூடாதுன்னு இறுக்கிச் சுத்தியிருந்தாரு. அதான், மாட்டோடயே போயிட்டாரு."

பால்காரம்மா குடத்தை ஓரமாக நகர்த்தினாள். மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாடு இல்லாதவங்களும் வரலியேன்னு கேப்பீங்க. கக்கூஸ் எங்க இருக்கு பாருங்க. ஒரு பகலும் ஒரு ராவும் மேலயே அடைஞ்சு கெடக்கணும். அந்தத் தண்ணியில, அத்தனை ஆம்பளைங்க பாத்துக்கிட்டிருக்க, எறங்கிப் போவாங்களா? வயசுப் பொண்ணுங்களை வச்சிருக்கறவங்க வருவாங்களா? பொம்பளைங்க வரலன்னா பிள்ளைங்களும் வராது. பிள்ளைங்க இல்லாம வீட்டு ஆம்பளை மட்டும் எப்படி வருவான்?"

கோட்டக்கா திரும்பிப் பார்த்தாள். கழிப்பறை நாற்பதடி தள்ளி மைதானத்தின் மூலையில் இருந்தது. வகுப்புக்கு நாற்றம் வரக்கூடாது என்று மாதிரியில் அப்படித்தான் இருந்தது. அந்த நாற்பதடிக்கும் அழகாகப் புள்ளிக் கோடு போட்டு, நடைபாதை என்று எழுதியது அவள் கைதான். ஒன்றல்ல, முப்பத்தோரு தடவை.

ஜூனியர் இன்ஜினியர் சிரித்த முகத்தோடு இறங்கி வந்தார், மயிரிழை விரிசல்கூட இல்லை என்று. அறிக்கையில், கட்டடம் நல்ல நிலையில் உள்ளது, பழுது ஏதும் இல்லை என்று எழுதினார். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை.

கோட்டக்காவின் கணவர் பஸ் கண்டக்டர். வீட்டுக்கு யார் வந்தாலும் உள்ளே தள்ளி உட்காரச் சொல்லுகிற மனிதர். அன்று சாயங்காலம் அவள் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னபோது, டீ ஆறிப்போகிற வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது எங்க டிப்போவுல நடக்கற கதைதான்," என்றார் கடைசியில். "பஸ் புத்தம் புதுசா இருக்கும். படி ஒசரமா இருந்தா வயசானவங்க ஏறமாட்டாங்க. கூடையை ஏத்தக் கூடாதுன்னா காய்கறிக்காரங்க ஏறமாட்டாங்க. பஸ் காலியா ஓடும். அப்புறம் மேல இருக்கறவன், அந்த ரூட்டுக்குப் பஸ்ஸே தேவையில்லன்னு எழுதுவான்."

அந்த ஊரிலிருந்து நாலு கிலோமீட்டரில் இருந்த பக்கத்து ஊரில், பழைய ஓட்டுப் பள்ளிக்கூடம் புயலில் தரைமட்டமாகியிருந்தது. அதற்குப் பதிலாகப் புதிதாகக் கட்ட உத்தரவு வந்தது. வழக்கம்போல மாதிரியை எடுத்து ஊர்ப் பெயரை மாற்ற வேண்டிய வேலை. கோட்டக்கா ஊர்ப் பெயரை மாற்றினாள், ஆனால் அத்தோடு நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. எழுந்து பெரிய இன்ஜினியரின் அறைக்குப் போனாள்.

பெரிய இன்ஜினியர் கெட்டவர் இல்லை. ஓய்வுக்கு மூன்று வருஷம் இருந்தது. அந்த மூன்று வருஷத்தில் எந்தக் கோப்பும் தன்னைத் தேடி வரக்கூடாது என்பது ஒன்றுதான் அவருடைய பிரார்த்தனை. கழிப்பறையை மாடிக்குக் கொண்டு போவது சரிதான் என்று உடனே ஒப்புக்கொண்டார். குழாயை மேலே ஏற்ற வேண்டும், தொட்டியைப் பெரிதாக்க வேண்டும், செய்துவிடலாம். மாடு விஷயத்தில்தான் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

"மாட்டுக்கு வழின்னு எழுதி நான் மேல அனுப்பினா, என்னைக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு மாத்திடுவாங்கம்மா."

கோட்டக்கா தன் இடத்துக்கு வந்து வரைபடத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கீழ் மூலையில் இருந்த சாய்தளம் கண்ணில் பட்டது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகளுக்காக ஒவ்வொரு பள்ளியிலும் சாய்தளம் இருக்க வேண்டும் என்பது விதி. மாதிரியிலும் இருந்தது. தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு ஏறி, தூண்களுக்கு நடுவே இருக்கும் சிமெண்டுத் தரையில் போய் முடிந்தது. சக்கர நாற்காலிப் பிள்ளை சுகமாக ஏறிப்போய் வெறும் தூண்களுக்கு நடுவில் நிற்கலாம். வகுப்பு அதன் தலைக்கு மேலே நடக்கும். இதையும் முப்பத்தோரு தடவை வரைந்திருக்கிறோமே என்று நினைத்தபோது அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் காது மடல் சூடாகிவிட்டது.

விதிப் புத்தகத்தை எடுத்து வரிவரியாகப் படித்தாள். ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நடுநடுவே சமதளமான மேடை வேண்டும். அகலம் நாலடிக்குக் குறையக் கூடாது. எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று எங்கேயும் இல்லை. மேடையின் அளவைப் பற்றியும் அப்படியே.

தலைமை ஆசிரியை மூலமாகப் பால்காரம்மாவைப் போனில் பிடித்து, மாடு திரும்ப எத்தனை அடி வேண்டும் என்று கேட்டாள். அப்படி ஒரு கேள்வியை அவளிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. மிஞ்சிய ஒற்றை மாட்டை வைத்து, கம்பு நட்டு, கயிறு கட்டி, நடத்திப் பார்த்துவிட்டு மறுநாள் காலை கூப்பிட்டாள்.

"ஆறடி இருந்தா மொரண்டு பண்ணாம திரும்புது. அஞ்சடின்னா நின்னுக்குது. சிமெண்டை வழவழன்னு பூசிடாதீங்க, ஒரு வாட்டி வழுக்கிடுச்சுன்னா அப்புறம் அடிச்சாலும் கால் வைக்காது. பக்கத்துல கம்பி வேணாம். கீழ பள்ளம் தெரிஞ்சா மிரளும். சுவராவே எழுப்பிடுங்க."

கோட்டக்கா அப்படியே வரைந்தாள். ஆறடி அகலத்தில், இரண்டு பக்கமும் இடுப்பளவு சுவரோடு, கட்டடத்தை ஒட்டி வளைந்து ஏறும் சாய்தளம். தரையில் குறுக்கே விரல் கனத்துக்குச் சொரசொரப்பான வரிகள். ஏழடி உயரத்தில், அதாவது வெள்ளம் வந்த மட்டத்துக்கு ஒன்றரை அடி மேலே, ஐம்பதுக்கு இருபதடியில் ஒரு மேடை. அங்கிருந்து வகுப்பறைகளுக்குப் போகும் மீதி வழி நாலடியாகக் குறுகி, வாயில் ஒரு சின்ன கேட். மேடைக்கு அருகில், இளைப்பாறும் மேடை என்று எழுதினாள்.

பெரிய இன்ஜினியர் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எத்தனை வீல்சேர் வரப்போவுதும்மா?"

"ஒண்ணு ரெண்டு வரும் சார்."

"அதுக்கா ஆறடி?"

"கொஞ்சம் பெரிய வீல்சேர் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "எடை எவ்வளவு இருக்கும்?" என்றார், தலையைத் தூக்காமலே.

"ஒண்ணு நானூறு கிலோ வரும் சார். மேடையில ஒரே சமயத்துல நாப்பது நிக்கலாம்."

அவர் சிரிக்கவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து கால்குலேட்டரை எடுத்தார். அரை மணி நேரம் கணக்குப் போட்டார். அவள் போட்டிருந்த ஐந்து அங்குலத் தளம் தாங்காது, ஏழாக்க வேண்டும், மேடைக்கு அடியில் இன்னும் நாலு தூண் வேண்டும் என்று சிவப்பு மையில் தன் கையாலேயே திருத்தினார். திருத்தி முடித்து, இளைப்பாறட்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மேலிடத்திலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. ஊனமுற்ற பிள்ளைகளுக்கு இவ்வளவு அக்கறை காட்டியதற்குப் பாராட்டுக் கடிதம் ஒன்று வந்தது. அதை அவர் கோட்டக்காவிடம் கொடுத்து, எங்காவது வைத்துவிடச் சொன்னார்.

கட்டட வேலை நடந்தபோது கோட்டக்கா நாலு தடவை விடுப்புப் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தாள். நல்ல வேளையாகப் போனாள். மேஸ்திரி தன் தொழில் பெருமையெல்லாம் காட்டி, சாய்தளத்தின் முதல் இருபதடியைக் கண்ணாடி போல இழைத்து வைத்திருந்தார். வரைபடத்தில் இருந்த வரிகளை ஏதோ தவறுதலாகப் போட்டது என்று நினைத்துவிட்டாராம். கொத்தி எடுக்கச் சொன்னதும் முகம் தொங்கிப்போயிற்று.

"வழவழன்னு பூசினதுக்குத் திட்டு வாங்கறது இதுதாம்மா மொத தடவை," என்றார். கொத்தினார்.

பள்ளிக்கூடம் திறந்து ஒன்றரை வருஷத்தில் அடுத்த புயல் வந்தது. இரண்டு நாள் முன்னதாகவே எச்சரிக்கை விட்டார்கள். கண்டக்டரை ஆட்களை ஏற்றி வரும் வேலைக்கு அழைத்துக்கொண்டார்கள். கோட்டக்கா வீட்டில் தனியாக இருந்தாள். கரண்ட் போயிற்று, பிறகு போன் செத்தது. ஜன்னல் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவளுக்கு, தூண் நிற்குமா சுவர் நிற்குமா என்ற பயமெல்லாம் வரவில்லை. அதெல்லாம் நிற்கும் என்று தெரியும். மாடு ஏறுமா என்பதுதான் கேள்வி.

மூன்றாம் நாள் மத்தியானம் போன் உயிர் பெற்றதும், யாருடைய போனிலிருந்தோ பால்காரம்மா கூப்பிட்டாள். எச்சரிக்கை வந்த அன்றே தன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு நாலு கிலோமீட்டர் நடந்து புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாளாம். அங்கே போனால், அந்த ஊர்க்காரர்கள் மாடுகளை வைத்துக்கொண்டு சாய்தளத்தின் அடியில் தயங்கி நின்றிருக்கிறார்கள். எந்த மாடும் ஏறவில்லை. எல்லாவற்றுக்கும் புது இடம், ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும்.

"என் மாட்டுக்குத்தான் இந்தத் திருப்பம் பழக்கமாச்சே. கம்பு நட்டு நடத்திப் பாத்தேனில்ல? அதை முன்னால விட்டேன். ஏறிடுச்சு. பின்னாலயே எல்லாம் வரிசையா ஏறிடுச்சுங்க."

"ஆளுங்க?" என்றாள் கோட்டக்கா.

"எல்லாரும் இருக்காங்கம்மா. ஒருத்தரும் போகல."

போனை வைத்தாள் கோட்டக்கா. பார்த்தே இராத அந்தக் கொழுந்தனின் நினைவு வந்தது. அழுகை வந்தது, அழுதாள். பிறகு எழுந்து, ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்திருந்த தண்ணீரைத் துடைத்தாள்.

பத்து நாள் கழித்து அலுவலகத்துக்குப் புதுப் பள்ளியின் தலைமை ஆசிரியையிடமிருந்து கடிதம் வந்தது. முழுக்க முழுக்கப் புகார். பள்ளியில் தங்கியவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர், மாடுகள் நாற்பத்தாறு, ஆடுகளை எண்ண முடியவில்லை. மேடையில் வடிகால் இல்லாததால் சாணமும் மூத்திரமும் சாய்தளம் வழியாக இறங்கி அடிபம்புக் குழியில் தேங்கிவிட்டன. கழுவுவதற்கு மேடையில் ஒரு குழாய்கூட இல்லை. கேட்டின் தாழ்ப்பாள் உடைந்து இரண்டு ஆடுகள் தலைமை ஆசிரியை அறைக்குள் புகுந்து, வருகைப் பதிவேட்டை ஏழாம் வகுப்பு வரை தின்றுவிட்டன. நாலு நாளாக வகுப்பு நடக்கவில்லை. இதற்கெல்லாம் யார் பொறுப்பு? கடைசிப் பத்தியில், சாய்தளம் இருப்பதால் இந்த வருஷம் சக்கர நாற்காலியில் இரண்டு பிள்ளைகள் சேர்ந்திருப்பதாகவும், அவர்களுக்கு உயரமான மேஜை இரண்டு வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

பழைய பெரிய இன்ஜினியர் அதற்குள் நிம்மதியாக ஓய்வு பெற்றுப் போயிருந்தார். புதிதாக வந்தவர் முப்பத்தெட்டு வயதுப் பெண். கடிதத்தைப் படித்துவிட்டுக் கோட்டக்காவைக் கூப்பிட்டார். இளைப்பாறும் மேடையில் மாடு எப்படி வந்தது என்று கேட்டார். கோட்டக்கா இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை. பம்படியில் கேட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். பால்காரம்மாவின் ஊர்ப் பள்ளிக்கு வந்த பதினோரு பேரையும், புதுப் பள்ளியில் வந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் சொன்னாள்.

அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இதை ஏங்க ஒளிச்சு வச்சீங்க? வெளிப்படையா எழுதலாமே."

அப்போது எழுத முடியவில்லை என்றாள் கோட்டக்கா. இப்போது எழுதலாம் என்றார் அவர். அடுத்த வரைபடத்தில் கோட்டக்கா, கால்நடை மேடை என்று எல்லாரும் படிக்கிற அளவில் எழுதினாள். தண்ணீர் வடிய மேடைக்கு வாட்டம் கொடுத்து, வடிகாலைத் தனிக் குழிக்குக் கொண்டு போனாள், இரண்டு குழாய் வைத்தாள். தாழ்ப்பாளை ஆட்டுக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றினாள். ஆட்டுக்கு எட்டாத உயரம் எது என்பதையும் பால்காரம்மாதான் சொன்னாள்.

மேலிடத்தில் அந்த வரைபடத்தை ஐந்து மாதம் கேள்விமேல் கேள்வி கேட்டு இழுத்தடித்துவிட்டுக் கடைசியில் ஒப்புதல் கொடுத்தார்கள். ஏற்கெனவே கட்டிய முப்பத்தோரு பள்ளிகளுக்கும் சாய்தளமும் மாடிக் கழிப்பறையும் சேர்க்கக் கோட்டக்கா தனித்தனியாக வரைபடம் போட்டு அனுப்பினாள். எட்டுக்கு அனுமதி வந்துவிட்டது. பால்காரம்மாவின் ஊர் அந்த எட்டில் இல்லை. அங்கே பள்ளியை ஒட்டி இடம் பத்தாது. பக்கத்து நிலத்துக்காரர், பள்ளிக்கூடத்துக்கு ஓரடிகூடத் தரமாட்டேன் என்று ஒன்றரை வருஷமாக ஒற்றைக் காலில் நின்றார். ஊர்க்காரர்கள் பேசிப் பார்த்தார்கள், தலைமை ஆசிரியை பேசிப் பார்த்தார், அசையவில்லை.

போன மாதம் பால்காரம்மா போன் செய்தாள். நிலத்துக்காரர் ஒத்துக்கொண்டுவிட்டாராம். எப்படி என்று கேட்டாள் கோட்டக்கா.

"ரெண்டு எருமை வாங்கியிருக்காரும்மா," என்றாள் பால்காரம்மா.

மனம் மாறுவதற்குள் அளந்துவிட வேண்டும் என்று, அடுத்த வியாழக்கிழமை காலையிலேயே கோட்டக்கா டேப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நிலத்துக்காரரே மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அவர் தருவதாகச் சொன்ன இடத்தின் எல்லையிலிருந்து பள்ளித் தூண் வரை இருபத்திரண்டு அடி இருந்தது. போதும்.